பல முறை ஜெயித்த எம்.எல்.ஏ.க்களில் உங்கள் மனதில் நிற்பவர் யார்?

சாங்கோலா தொகுதியின் கண்பத்ராவ் தேஷ்முக். நம்மூர்க்காரர் இல்லை, மகாராஷ்டிரா, சோலாப்பூர் மாவட்டம். நான் தாராவியில் வளர்ந்தவன். வாஷி பழ மார்க்கெட்டில் ஒரு மாதுளைக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது, லோடோடு வந்து இறங்கும் சாங்கோலா விவசாயிகள் பேசித்தான் அவரைத் தெரியும். "ஆபா" என்பார்கள். பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

1962-ல் முதல் வெற்றி. 2014 வரை மொத்தம் 11 முறை, எல்லாமே சாங்கோலாவில், ஷேத்கரி காம்கார் கட்சியின், அதாவது விவசாயிகள், தொழிலாளர்கள் கட்சியின் செங்கொடியில். எண்ணிக்கையில் கலைஞரும் கேரளத்தில் பாலா தொகுதியின் கே.எம். மாணியும் அவருக்கு மேல். ஆளுக்கு 13 முறை, தோல்வியே கிடையாது. ஆபா 1972-லும் 1995-லும் தோற்றார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அந்தத் தோல்விகளால்தான். 1995-ல் வெறும் 192 ஓட்டில் போனது. கட்சியோ மாநிலம் முழுக்கத் தேய்ந்துகொண்டிருந்தது. வேறு கட்சிக்குத் தாவ அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. அவர் தாவவில்லை. 1999-ல் அதே கொடியோடு நின்று ஜெயித்தார். 2014-ல் சட்டசபையின் 288 இடத்தில் அந்தக் கட்சிக்குக் கிடைத்தது 3. அதில் ஒன்று, 90 வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஆபாவுடையது.

மந்திரியாகவும் இருந்திருக்கிறார், 1978-ல் சரத் பவார் ஆட்சியில். ஆனால் கடைக்கு வந்தவர்கள் அதைப் பேசியதே இல்லை. பேச்செல்லாம் தண்ணீர்தான். சாங்கோலா மழை மறைவுப் பூமி. கிருஷ்ணா ஆற்றுத் தண்ணீரை டெம்பு திட்டத்தில் மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவர வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடியவர்களில் அவர் முன்வரிசை. ஒரு பெரியவர் பெட்டியைத் திறந்து பழத்தைக் காட்டுவார்: "கிணறு வற்றினால் இது இல்லை. அது ஆபாவுக்குத் தெரியும்." இன்னொன்றும் சொல்வார்கள், எம்.எல்.ஏ. எஸ்.டி. பஸ்ஸில்தான், அதாவது அரசு பஸ்ஸில்தான் போவார் வருவார் என்று. எங்கள் பகுதியில் ஓட்டு கேட்டு வருகிறவர்களின் கார் வரிசையைப் பார்த்தே வளர்ந்த எனக்கு அதை நம்பவே நாளானது.

2019-ல் அவர் நிற்கவில்லை. பேரன் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றார். 2021 ஜூலை 30 அன்று, 94 வயதில் ஆபா காலமானார். அன்று ராத்திரி அந்தப் பெரியவருக்குப் போன் போட்டேன். "ஆபா போயிட்டாரு" என்றார் மராத்தியில். அதற்குமேல் அவராலும் பேச முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. 2024-ல் இன்னொரு பேரன் சாங்கோலாவில் ஜெயித்தார், அதே செங்கொடியில்.