நரிப்பெண்ணின் சிரிப்பு

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகள் எந்நேரமும் சீனத்து மாயக் காதல் கதைகளையே படித்துக்கொண்டிருக்கிறாள். நரி பெண்ணாகி வருகிறதாம், ஓர் அப்பாவி மாணவனைக் காதலிக்கிறதாம், ஒரே சிரிப்பாம். இந்தக் குப்பையை விட்டு அவள் நல்ல சீன இலக்கியத்துக்கு வர ஒரு புத்தகம் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சொல்கிறேன். அதிலும் நரி பெண்ணாகி வருகிறது. அப்பாவி மாணவன் ஒருவன் அவளைக் காதலிக்கிறான். முதல் பக்கத்திலிருந்தே சிரிப்புதான். சீன இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாக அதை வைத்திருக்கிறார்கள். ஆகவே "குப்பை" என்ற சொல்லை முதலில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஷான்டோங் மாகாணத்தில் வாழ்ந்த பூ சோங்லிங் (1640–1715) எழுதிய 'லியாவ்ஜாய்' தொகுப்பைத்தான் சொல்கிறேன். கிட்டத்தட்ட ஐந்நூறு கதைகள். 1658-இல் அரசுப் பணித் தேர்வின் முதல் படியில் சிறப்பாகத் தேறியவர், அடுத்த படியான மாகாணத் தேர்வில் ஆயுள் முழுக்கத் தோற்றார். ஒரு பணக்காரர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். கதைகள் அச்சேறியது 1766-இல். அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து.

அதில், நரித்தாய்க்குப் பிறந்த ஒரு பெண்ணின் பெயரிலேயே உள்ள 'யிங்நிங்' என்ற கதையை உங்கள் மகளோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள். நாவல் அல்ல, நீண்ட சிறுகதை. விளக்குத் திருவிழா நாளில், கையில் பூங்கொத்தோடு சிரித்தபடி போகும் ஒரு பெண்ணை வாங் என்ற இளைஞன் இமைக்காமல் பார்க்கிறான். 'இவன் கண் திருடன் கண்ணாக எரிகிறதே' என்று பணிப்பெண்ணிடம் சொல்லிவிட்டு, பூவைக் கீழே போட்டுவிட்டுப் போகிறாள். அவன் அதை எடுத்துவந்து தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துவிடுகிறான். அவனைத் தேற்றுவதற்காக உறவுக்காரன் ஒருவன், 'அவள் உனக்கு உறவுக்காரப் பெண்தான், தென்மேற்கு மலையில் இருக்கிறாள்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைக்கிறான். வாங் தன்னந்தனியே மலையேறிப் போகிறான். பொய்யாகச் சொன்னது அங்கே அப்படியே மெய்யாக இருக்கிறது! மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் யிங்நிங், அவனைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் கை நழுவி விழுகிறாள். விழுந்த பிறகுதான் சிரிப்பு நிற்கிறது. இத்தனை நாள் காத்துவைத்த வாடிய பூவை அவன் காட்டுகிறான். 'இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? போகும்போது தோட்டத்திலிருந்து ஒரு பெரிய கட்டாகவே பறித்துத் தரச் சொல்கிறேன்' என்கிறாள். காதலைச் சொல்ல வந்தவன் இதற்கு என்ன பதில் சொல்வான்!

கல்யாணச் சடங்கில் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து வணங்கவும் அவளால் முடிவதில்லை. மாமியார் கோபமாகவோ கவலையாகவோ இருந்தால் அவள் வந்து ஒருமுறை சிரித்தால் போதும், தணிந்துவிடுகிறார். தவறு செய்துவிட்டு அடிக்குப் பயந்த வேலைக்காரப் பெண்கள், யிங்நிங்கை முதலில் மாமியாரிடம் பேச அனுப்பிவிட்டு, அதன் பிறகே அவர் முன் போய் நிற்பார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். ஒரு வீடு முழுவதும் ஒருத்தியின் சிரிப்பின் நிழலில் ஒதுங்கியிருக்கிறது.

பிறகு பக்கத்து வீட்டோடு ஒரு விபரீதம் நேர்ந்து, வழக்கு வரை போகிறது. மாமியார் கண்டிக்கிறார். இனிச் சிரிப்பதில்லை என்று யிங்நிங் உறுதி கொடுக்கிறாள். 'சிரிக்காத மனிதர் உண்டா, நேரம் காலம் பார்த்துச் சிரி என்றுதானே சொன்னேன்' என்கிறார் மாமியார். ஆனால் அன்றோடு சரி. வேண்டுமென்றே சீண்டினாலும் அவள் சிரிப்பதில்லை. முகத்தில் வருத்தமும் தெரிவதில்லை. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நம்மையும் கூடவே சிரிக்க வைத்ததால் அல்லவா அந்த மௌனம் இப்படித் தாக்குகிறது? கதையை முதலிலிருந்தே கனமாகத் தொடங்கியிருந்தால் இது கிடைத்திருக்காது. இலகுவான எழுத்தை இளப்பமாகப் பார்க்கும் எவருக்கும் இந்த ஒரு பக்கத்தைத்தான் நான் காட்டுவேன்.

1880-இல் ஹெர்பர்ட் ஜைல்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் இந்தக் கதை இருக்கிறது. விக்டோரியா காலக் கூச்சத்தில் சில இடங்களை அவர் மழுப்பியிருக்கிறார். ஆனாலும் யிங்நிங்கின் சிரிப்பு கேட்கிறது. மகளிடம் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். அவள் படிப்பதற்கும் இதற்கும் நடுவே உள்ள உறவை அவளே உங்களுக்கு விளக்குவாள். நரிப்பெண்களைப் பற்றி உங்களைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். கடைசிப் பத்தியை மட்டும் அவசரப்பட்டுப் படித்துவிட வேண்டாம். யிங்நிங்குக்கு ஒரு மகன் பிறக்கிறான். கைக்குழந்தை, புது முகங்களுக்குப் பயப்படுவதே இல்லை. யாரைப் பார்த்தாலும் சிரிக்கிறான்.