ஐரோப்பிய நாடுகள் ஆண்டுதோறும் மோதும் யூரோவிஷன் பாடல் போட்டியில் எந்த நாட்டின் தொடக்க ஆண்டுகள் உங்களை அதிகம் பாதித்தன?

யோசிக்கவே வேண்டியதில்லை, போஸ்னியாதான். முதல் ஆண்டு 16ஆவது இடம், மறு ஆண்டு 15, அதற்கடுத்து 19. பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் சுமாரான நாடு என்று கடந்துபோய்விடுவார்கள். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை.

1992 வரை அவர்கள் யூகோஸ்லாவியா என்ற பெயரில் கலந்துகொண்டவர்கள். நாடு சிதறிய பிறகு, 1993இல் தனிக்கொடியோடு வந்தார்கள். அப்போது அங்கே போர்; தலைநகர் சரயேவோ முற்றுகையில் கிடந்தது. சுற்றியுள்ள மலைகளிலிருந்து பீரங்கிக் குண்டுகள். மின்சாரமும் தண்ணீரும் எப்போது வரும் என்றே தெரியாது. பாடகர் ஃபாஸ்லாவும் குழுவினரும் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே விமான நிலைய ஓடுதளத்தை ஓடிக் கடந்துதான் நகரைவிட்டு வெளியேறினார்கள். ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவில் ஏப்ரல் 3 அன்று தகுதிச் சுற்று. ஏழு நாடுகளுக்கு மூன்றே இடங்கள். ஸ்லோவேனியா, குரோஷியாவோடு போஸ்னியாவும் தேறியது.

மே 15 அன்று இறுதிப் போட்டி, அயர்லாந்தின் மில்ஸ்ட்ரீட் என்ற சிற்றூரில், குதிரையேற்றப் போட்டிகள் நடக்கும் அரங்கில். 'உலகின் வலியெல்லாம்' என்று பொருள்படும் பாடலை ஃபாஸ்லா பாடினார். இசைக்குழுவை நடத்தியவர் அயர்லாந்துக்காரரான நோயல் கெலஹன். கிடைத்தது 27 புள்ளிகள்.

ஆனால் என்னை உலுக்கியது பாடல் அல்ல, வாக்கெடுப்பு. அன்றெல்லாம் ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவும் தொலைபேசியில்தான் மதிப்பெண்களைச் சொல்லும். சரயேவோவின் முறை வந்தபோது ஒரே இரைச்சல். அதைக் கிழித்துக்கொண்டு, சரயேவோவிலிருந்து பேசுகிறோம் என்று ஒரு குரல் வந்தது. அரங்கம் முழுவதும் கைதட்டியது. குண்டு விழுந்துகொண்டிருக்கும் ஊரில் உட்கார்ந்து, எந்த நாட்டுப் பாட்டுக்கு எத்தனை புள்ளி என்று முறைப்படி அறிவித்தார்கள். இதைவிடக் கம்பீரமாக ஒரு புதிய நாடு தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஆண்டு டப்ளினில் ஆல்மா, டேயன் ஜோடி பாடவந்தபோதும் போர் ஓயவில்லை. பார்வையாளர்கள் அவர்களுக்குக் கொடுத்த வரவேற்பு, வெற்றி பெற்றவர்களுக்குரிய வரவேற்பு.

2006இல் ஹரி மாதா ஹரி என்ற இசைக்குழு பெற்ற 3ஆம் இடமே இதுவரை அந்த நாட்டின் உச்சம். 2016க்குப் பிறகு பணமில்லாமல் ஒதுங்கி நிற்கிறார்கள். போர்க்காலத்திலேயே விடாமல் வந்தவர்கள் இப்படி நிற்பது எனக்கு உண்மையிலேயே ஆற்றாமையாக இருக்கிறது. அவர்கள் திரும்ப வர வேண்டும்.