தெருவிளக்கைச் சுற்றித் தெரியும் வளையம்

கேள்வி: என் மகனுக்கு 20 வயது, இன்ஜினீயரிங் மூன்றாம் வருடம். போன மாதம் நண்பர்களோடு கொடைக்கானல் போனபோது யாரோ கொடுத்த போதைக் காளானைச் சாப்பிட்டிருக்கிறான். சுவர் மூச்சுவிட்டது, நேரம் நின்றுபோனது, செத்துவிடுவேன் என்று பயந்தேன் என்கிறான். மூன்று வாரம் ஆகியும் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதாம். சரியாகத் தூங்குவதில்லை. அவன் மூளை கெட்டுவிட்டதா? என் தம்பி பல வருடமாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறான். அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. பேய் பிடித்திருக்கிறது, மந்திரித்துவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவன் அப்பாவுக்கு இன்னும் தெரியாது.
- ஒரு வாசகி, மதுரை

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகன் இதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். என்னிடம் வரும் பல பெற்றோருக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. அதனால் இப்போதைக்குத் திட்டு வேண்டாம்.

மூளை கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் காளானில் இருப்பது சைலோசைபின். உடம்புக்குள் போனதும் அது சைலோசின் என்ற பொருளாக மாறி மூளைக்குப் போகிறது. நம் மூளையில் இயல்பாகவே செரட்டோனின் என்ற ரசாயனம் உண்டு. சைலோசினின் அமைப்பு கிட்டத்தட்ட அதே சாயல். நரம்பணுக்களின் மேல் இத்தகைய ரசாயனங்கள் வந்து உட்காரும் இடங்களை ஏற்பிகள் என்பார்கள். செரட்டோனின் உட்காரவேண்டிய ஏற்பிகளில், முக்கியமாக 2ஏ என்ற வகையில், இது போய் உட்கார்ந்துகொள்கிறது. 1998இல் சூரிச்சில் ஒரு சோதனை செய்தார்கள். அந்த 2ஏ ஏற்பியை அடைக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, அப்புறம் சைலோசைபினைக் கொடுத்தார்கள். மாயக்காட்சிகள் வரவில்லை.

கண் அனுப்புவதை மூளை அப்படியே நமக்குக் காட்டுவதில்லை. "இது சுவர், சுவர் அசையாது" என்ற பழைய அறிவோடு ஒத்துப்பார்த்துத்தான் காட்டுகிறது. அந்தப் பிடி தளர்வதால்தான் சுவர் மூச்சுவிடுகிறது, நேரம் நிற்கிறது, 'நான்' என்ற எண்ணமே கரைகிறது என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பலர் விளக்குகிறார்கள். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் தொடங்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மறுநாளே அந்தப் பொருளில் பெரும்பகுதி உடம்பைவிட்டுப் போயிருக்கும். ஒருமுறை சாப்பிட்டதால் நரம்பணுக்கள் செத்துவிடும் என்பதற்குச் சான்று இல்லை.

செத்துவிடுவேன் என்ற பயம் பற்றி உங்கள் மகனிடம் ஒரு கதை சொல்லுங்கள். சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற வேதியியலாளர் இருந்தார். இந்தக் காளானைப் போலவே மாயக்காட்சி காட்டும் எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை உருவாக்கியவர். 1943 ஏப்ரல் 19 அன்று அதில் 250 மைக்ரோகிராம் தானே சாப்பிட்டுப் பார்த்தார். ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் அது. சைக்கிளில் வீடு வந்து சேர்ந்தவருக்கு, பால் கொண்டுவந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி சூனியக்காரியாகத் தெரிந்தார். சாகப்போகிறோம் என்றே அவரும் நம்பினார். வந்து பார்த்த மருத்துவருக்குக் கண்ணின் பாவை விரிந்திருந்ததைத் தவிர வேறு கோளாறு தெரியவில்லை. 1958இல் மெக்சிகோ காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தவரும் இதே ஹாஃப்மன்தான். அந்தப் பயம் உங்கள் மகனின் கோழைத்தனம் அல்ல, அந்த மருந்தின் வேலை.

சொந்தக்காரர்களுக்கும் இதுவே என் பதில். திருநீறு பூசி உங்களுக்கு ஆறுதல் கிடைத்தால் பூசுங்கள். ஆனால் ஏற்கெனவே மிரண்டுபோன பையனிடம் "உன்னைப் பேய் பிடித்திருக்கிறது" என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.

அடுத்து, வளையம். இப்படிப்பட்ட போதைப்பொருள் எடுத்த சிலருக்கு வெளிச்சத்தைச் சுற்றி வளையமும், அசையும் பொருளின் பின்னால் நிழல்வாலும் சில காலம் தெரிவதுண்டு. பலருக்கு வாரங்களில், மாதங்களில் குறையும். சிலருக்கு நீடிக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. தூக்கம் கெட்டாலும் கஞ்சா புகைத்தாலும் கூடும். கஞ்சா பழக்கம் உண்டா என்று நிதானமாகக் கேளுங்கள். வளையத்துக்குக் கண் கோளாறும் காரணமாகலாம், ஒருமுறை கண் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள். "வளையம் தெரிகிறது, ஆனால் அது நிஜமில்லை" என்று அவனுக்கே தெரிகிறதென்றால், அது நல்ல அறிகுறி.

எனக்குக் கவலை தருவது உங்கள் தம்பியைப் பற்றிய அந்த வரிதான். நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனச்சிதைவோ, உற்சாகமும் சோர்வும் மாறிமாறி அளவுமீறும் இருதுருவ மனநோயோ உள்ள குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பொருள்கள் மற்றவர்களைவிட ஆபத்தானவை. தாய்மாமனுக்கு இருப்பதால் மருமகனுக்கும் வந்தே தீரும் என்பதில்லை. மனச்சிதைவு பொதுவாக 100 பேரில் ஒருவருக்கு வருகிறது. தாய்மாமனுக்கு இருந்தால் அது மூன்று, நான்கு பேர் என்று ஆகலாம், அவ்வளவுதான். ஆனால் ஆண்களுக்கு அது தலைகாட்டும் வயது பெரும்பாலும் 18 முதல் 25. அவன் அந்த வயதில் இருக்கிறான், தூங்காமல் இருக்கிறான். எனவே காத்திருக்காமல் இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சந்தேகித்தாலோ, காதில் குரல் கேட்டாலோ, தூக்கமே இல்லாமல் பரபரவென்று இருந்தாலோ, சாக வேண்டும் என்று பேசினாலோ அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். பெரிய அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தயவுசெய்து தம்பியின் மாத்திரையை எடுத்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அந்த வகை மருந்துகளில் சில, இந்த வளையத்தை அதிகமாக்கியதும் உண்டு.

"ஆஸ்திரேலியாவில் இதை மருந்தாகவே கொடுக்கிறார்கள்" என்று அவன் வாதாடலாம். உண்மைதான், 2023 ஜூலை முதல், வேறு சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வுக்கு அங்கே அனுமதி உண்டு. அதை மறுத்தால் உங்கள் மற்ற பேச்சையும் அவன் நம்ப மாட்டான். ஆனால் அங்கே அளந்த மருந்து, முன்கூட்டியே பல அமர்வுகள், மருந்தின் வேகம் அடங்கும்வரை பக்கத்தில் பயிற்சி பெற்றவர்கள். இத்தகைய ஆய்வுகளில் குடும்பத்தில் மனச்சிதைவு உண்டா என்று முதலிலேயே கேட்டு, உண்டென்றால் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. காட்டில் யாரோ நீட்டிய காளானில் எவ்வளவு சைலோசைபின் இருக்கிறது, அது விஷக்காளானா என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஈரலையே அழிக்கும் காளான்கள் பார்க்க இதே மாதிரி இருக்கும். மூன்று வாரம் கடந்துவிட்டதால் அந்தப் பயம் இப்போது வேண்டாம்.

அப்பாவிடம் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தபின் மகனே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். போலீஸுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் மருத்துவரிடம் எதையும் மறைக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி, நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. போகும்போது உங்கள் தம்பியின் பழைய மருந்துச்சீட்டு ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவருக்கு என்ன நோய் என்று அதைப் பார்த்து மருத்துவர் ஊகித்துக்கொள்வார்.