கிளட்ச் பெடல் மேலே வர மறுக்கிறதா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2007 மாடல் மாருதி 800 இருக்கிறது. காலையில் எடுக்கும்போது கிளட்ச் நன்றாக இருக்கிறது. டவுனுக்குள் அங்கங்கே நிறுத்தி, ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் ஓட்டினால் பெடல் பாதியில் நின்றுவிடுகிறது. கால் விரலை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. ஒன்றரை வருடத்தில் இரண்டு கேபிள் மாற்றியாயிற்று. கியர் பாக்ஸை இறக்கி கிளட்ச் செட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? ஸ்டார்ட்டரும் சில நேரம் மந்தமாகச் சுற்றுகிறது.
- திண்டுக்கல் வாசகர்

பதில்: இப்போதைக்கு கியர் பாக்ஸில் கை வைக்க விடாதீர்கள். பெடல், கேபிள், கியர் பாக்ஸில் கேபிள் இழுக்கும் நெம்புகோலான ரிலீஸ் ஆர்ம் என மூன்று இடங்களில் எது பிடிக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். கேபிளின் ஒரு முனையைக் கழற்றினாலே அது தெரிந்துவிடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஃப்ளோர் மேட்டை வெளியே எடுத்துவிடுங்கள். மடங்கிய மேட் பெடலுக்கு அடியில் சிக்குவது நிறைய நடக்கிறது. பிறகு கியர் பாக்ஸ் பக்கம் கேபிள் முனையில் உள்ள அட்ஜஸ்ட் நட்டைப் பாருங்கள். அதற்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று குறித்துக்கொண்டு கழற்றி, கேபிளை ஆர்மிலிருந்து விடுவியுங்கள்.

இப்போது பெடலைக் கையால் ஆட்டுங்கள். கேபிள் இல்லாததால் அது கீழே தொங்கினால் பயம் வேண்டாம். ஆட்டும்போது எங்காவது உரசுகிறதா, பிடிக்கிறதா என்பதுதான் முக்கியம். பிடித்தால் பெடல் புஷ் (பெடல் ஆடும் பின்னைச் சுற்றியுள்ள வளையம்) காய்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அடுத்து கேபிளின் உள்கம்பியை இழுத்து, தள்ளிப் பாருங்கள். நல்ல கேபிள் வழுக்கிக்கொண்டு போகும். டார்ச் அடித்து டாஷ்போர்டுக்கு அடியில் பெடல் கொக்கி அருகிலும் பாருங்கள். கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து துடைப்பக் குச்சி போல் விரிந்திருந்தால் அந்தக் கேபிள் முடிந்தது. கடைசியாக ரிலீஸ் ஆர்ம். கையால் அசைத்தால் சில மி.மீ. இலகுவாக நகர்ந்து பிறகு கெட்டியாக முட்ட வேண்டும், விட்டால் பழைய இடத்துக்கு வர வேண்டும். அந்தச் சில மி.மீ. கூட இறுக்கமாக இருந்தால்தான் ஆர்மின் ஷாஃப்ட் புஷ், ஆர்ம் தள்ளி கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மேல் சந்தேகப்பட்டு கியர் பாக்ஸை இறக்கலாம்.

உங்கள் விஷயத்தில் கேபிள்தான் பிடிக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் மூன்றாவது கேபிளும் அதே கதிக்கு ஆளாகும் வாய்ப்பு இருக்கிறது. மந்தமான ஸ்டார்ட்டர்தான் துப்பு. என்ஜினையும் பேட்டரி நெகட்டிவையும் இணைக்கும் எர்த் ஒயர் அரித்தோ தளர்ந்தோ போனால், ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரிய கரண்ட் வேறு வழி தேடும். பாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே ஓடும் உலோகக் கயிறு கிளட்ச் கேபிள்தான். ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் அது சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை இளகிக் கம்பியைக் கவ்விக்கொள்ளும். அடிக்கடி நிறுத்தி எடுக்கும்போது மட்டும் தொல்லை வருவதும் இதோடு பொருந்துகிறது.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும் சிவப்பு முனையை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வையுங்கள். ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. 0.5-ஐத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. புதிய எர்த் ஒயர் போடும்போது போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். இதை முடித்துவிட்டுத்தான் புதுக் கேபிள் மாட்ட வேண்டும். அதைச் சடாரென்று மடக்காமல் பழைய வளைவிலேயே கொண்டு போங்கள். உள்ளே பிளாஸ்டிக் உறை உள்ள கேபிளுக்கு ஆயில் விடாதீர்கள், தூசிதான் சேரும்.

மாட்டியபின் பெடலை விரலால் அழுத்தினால், கனம் தெரியும் முன் 15 முதல் 25 மி.மீ. வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். "பிடிப்பு வேண்டும்" என்று நட்டை முழுக்க இறுக்கினால் ரிலீஸ் பேரிங் கிளட்ச் பிளேட்டை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டில் எந்நேரமும் உரசி, கிளட்ச் பிளேட் வழுக்கிக் கருகிவிடும்.

கேள்வி: 2003 குவாலிஸ். பெடல் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. இரண்டு, மூன்று முறை பம்ப் செய்தால் சரியாகிறது. கீழே ஆயில் சொட்டுவதாகத் தெரியவில்லை.
- நாமக்கல் வாசகர்

பதில்: இது ஹைட்ராலிக் கிளட்ச், கேபிள் கிடையாது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளூயிடை அழுத்த, கியர் பாக்ஸ் பக்கம் உள்ள ஸ்லேவ் சிலிண்டர் கிளட்சை விடுவிக்கும். பம்ப் செய்தால் சரியாகிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர் தேய்ந்து அழுத்தம் கசிகிறது. சொட்டவில்லை என்பதை வைத்து லீக் இல்லை என்று சொல்ல முடியாது. டிரைவர் காலடியில், மாஸ்டரின் புஷ் ராட் வரும் இடத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விலக்கிப் பாருங்கள். ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோளாறு. இரண்டு இடமும் காய்ந்திருந்தால் முன்னால் ஆளில்லாத சமதரையில் என்ஜின் ஓடும்போது முதல் கியர் போட்டு, கிளட்சை ஒரு நிமிடம் அழுத்தியபடியே வைத்திருங்கள். வண்டி மெல்ல நகரத் தொடங்கினால் அழுத்தம் மாஸ்டருக்கு உள்ளேயே பின்னால் நழுவுகிறது. சிலிண்டர் உட்சுவரில் கீறலோ குழியோ இருந்தால் ரிப்பேர் கிட் நிற்காது. முழு சிலிண்டரையும் மாற்றுவதுதான் மலிவு.

காற்று எடுக்க இருவர் வேண்டும். ஸ்லேவில் காற்று எடுக்கும் திருகான நிப்பிளில் தெளிவான டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஃப்ளூயிட் ஊற்றிய பாட்டிலில் மூழ்க வையுங்கள். ஒருவர் பெடலை நிதானமாக மூன்று, நான்கு முறை மிதித்து, கீழேயே பிடிக்க வேண்டும். மற்றவர் நிப்பிளை அரைச் சுற்று திறந்து, குமிழி போனதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். இந்த வரிசை பிசகினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். நடுவில் மேலே உள்ள ஃப்ளூயிட் டப்பா காலியாகவும் விடக்கூடாது. மூடியில் அச்சிட்டிருக்கும் டாட் 3 அல்லது டாட் 4 மட்டுமே ஊற்றுங்கள். என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு மூடி அளவு கலந்தாலும் ரப்பர்கள் உப்பி எல்லா வாஷரும் வீணாகும். பெயின்டில் ஃப்ளூயிட் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கோளாறும் உண்டு. பெடல் மேலே வந்த பிறகும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல், வண்டி சூடானதும் வழுக்கும். அந்த நிலையிலேயே என்ஜினை அணைத்து ஸ்லேவ் நிப்பிளைத் திறவுங்கள். ஃப்ளூயிட் பீய்ச்சி அடித்து ஸ்லேவ் கம்பி உள்ளே போனால், அழுத்தம் மேலே திரும்ப வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. உள்பக்கம் வீங்கிய ரப்பர் ஹோஸ் ஒரு காரணம். மாஸ்டர் புஷ் ராடுக்கு ஆட்டமே இல்லாதபடி யாராவது இறுக்கியிருப்பது இன்னொன்று. அப்போது மாஸ்டரின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காமல், ஃப்ளூயிட் திரும்பும் துளையை அடைத்தபடியே நிற்கும்.

கேள்வி: சென்னையில் மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் நின்ற கார், எட்டு மாதமாக எடுக்கவில்லை. இப்போது பெடல் வழக்கம்போல் வந்து போகிறது. ஆனால் கிளட்சை முழுக்க மிதித்தும் கியர் கரகரவென்று உரசுகிறது, விழ மறுக்கிறது.
- வேளச்சேரி வாசகர்

பதில்: பெடலில் குறை இல்லை. கிளட்ச் பிளேட் துருவால், என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலில் ஒட்டியிருக்கிறது. தண்ணீர் ஏறிய வண்டி என்பதால் முதலில் என்ஜின் ஆயில், கியர் ஆயில் இரண்டும் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஆயில் சரியென்றால் நியூட்ரலில் என்ஜினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். திறந்த மைதானத்தில், முன்னால் ஆளோ சுவரோ இல்லாத இடத்தில், இரண்டாம் கியர் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி உடனே நகரும், பிரேக் மேல் கால் தயாராக இருக்கட்டும். கிளட்சை மிதித்தபடியே ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்துக் கொடுத்து விடுங்கள். பெரும்பாலும் 'டக்' என்று விட்டுவிடும். ஐந்தாறு முறையில் விடவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். மேலும் உலுக்கினால் பிளேட்டின் லைனிங் பிய்ந்துவிடும். அப்போது கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும்.

கேள்வி: பெடல் மிதிக்கும்போதெல்லாம் 'கிரீச்' சத்தம். தேங்காய் எண்ணெய் விடலாமா?
- தென்காசி வாசகர்

பதில்: வேண்டாம், கொஞ்ச நாளில் பிசுபிசுப்பாகி இன்னும் பிடிக்கும். பெடல் பின்னைக் கழற்றி, புஷ்ஷைத் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸ் சுண்டைக்காய் அளவு பூசி மாட்டுங்கள். புஷ் ஓவலாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். சத்தம் காலடியிலிருந்து வராமல் என்ஜின் பக்கத்திலிருந்து, மிதித்தால் வந்து, காலை எடுத்தால் நிற்கிறது என்றால், அது ரிலீஸ் பேரிங்.