யூத மூதாதையரைத் தேடுதல்: குடும்பப் பெயரைவிட ஊரும் தகப்பன் பெயரும் முக்கியம்

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கும் தமிழ்ப் பெண். என் கணவர் யூதக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எண்பது வயதைக் கடந்த என் மாமியார், தம் அப்பாவைப் பெற்ற தாத்தா 1907-ஐ ஒட்டி ஆஸ்திரியாவின் லெம்பெர்க் நகரிலிருந்து நியூயார்க்குக்கு வந்தவர் என்றும், எல்லிஸ் தீவில் இறங்கியபோது அதிகாரிகள் அவருடைய குடும்பப் பெயரை மாற்றிவிட்டார்கள் என்றும், ஊரில் இருந்த பதிவுகள் எல்லாம் போரில் எரிந்துவிட்டன என்றும் சொல்கிறார். எங்களிடம் இருப்பது அவருடைய கல்லறையின் புகைப்படம் ஒன்றுதான். அதிலுள்ள எபிரேய எழுத்துகளைப் படிக்க எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியார் இருக்கும்போதே அவர் குடும்பத்தின் வரலாற்றைக் கண்டறிந்து எழுதிவைக்க விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்தப் புகைப்படத்திலிருந்தே தொடங்குங்கள். இத்தகைய தேடலில் இறங்குபவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் காரியம், குடும்பப் பெயரை ஏதாவது ஓர் இணையதளத்தில் இட்டு, வந்து விழும் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கிடையே திகைத்து நிற்பதுதான். கிழக்கு ஐரோப்பிய யூதர்களைப் பொறுத்தவரை குடும்பப் பெயர் மிகவும் பலவீனமான தடயம். அவர்களில் பெரும்பாலோருக்கு நிலையான குடும்பப் பெயர் என்பதே அரசாங்கம் சுமத்திய ஒன்று. ஆஸ்திரியப் பேரரசில் இரண்டாம் ஜோசப் 1787-இல் பிறப்பித்த ஆணையாலும், ரஷ்யப் பேரரசில் 1804-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பிரஷ்யாவில் 1812-ஆம் ஆண்டு ஆணையாலும் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும், சமய வாழ்க்கையில் அதற்குப் பின்பும், ஒருவர் இன்னாருடைய மகன் இன்னார் என்றே அறியப்பட்டார். தகப்பனார் பெயரை முன்னெழுத்தாகக் கொண்டு வாழ்ந்து, வெளிநாட்டுக் கடவுச்சீட்டுப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தை எப்படி நிரப்புவது என்று குழம்பும் நமக்கு இது புதிய செய்தியாக இராது.

கல்லறைக் கல்லில் நீங்கள் முதலில் தேட வேண்டியது அந்தத் தகப்பன் பெயரைத்தான். கல்லின் உச்சியில் பெரும்பாலும் 'பே', 'நூன்' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும்; 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்' என்பதன் சுருக்கம் அது. அடியில் வரும் ஐந்தெழுத்துச் சுருக்கம், இறந்தவரின் ஆன்மா வாழ்வோரின் கட்டோடு சேர்த்துப் பிணைக்கப்பட்டிருக்கட்டும் என்ற வேண்டுதல். இவை இரண்டும் பெரும்பாலான கற்களில் பொதுவானவை. இடையில் 'பென்' என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது இறந்தவரின் பெயர், பின்னால் இருப்பது அவருடைய தகப்பனார் பெயர். பெண்ணாயிருந்தால் 'பத்' என்று வரும். விரல்களை விரித்து ஆசி வழங்கும் இரு கைகள் செதுக்கப்பட்டிருந்தால் அவர் கோஹென் என்ற குருமார் மரபினர், நீர்க்குடுவை இருந்தால் குருமாருக்குத் துணைநின்ற லேவியர் மரபினர். இந்த மரபு தந்தைவழியாக மட்டுமே இறங்கி வருவதால், ஒரே ஊரில் ஒரே குடும்பப் பெயருடன் வாழ்ந்த இரண்டு குடும்பங்களைப் பிரித்தறிய இது மிகவும் உதவும்.

ஆண்டு எழுத்துகளாலேயே குறிக்கப்படும். ஒவ்வோர் எபிரேய எழுத்துக்கும் எண் மதிப்பு உண்டு. ஆயிரக் கணக்கை வழக்கமாக விட்டுவிடுவார்கள். 'தாவ், ரேஷ், ஸாதி, ஹெத்' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 400, 200, 90, 8 ஆகியவற்றைக் கூட்டினால் 698. அதனுடன் 1240-ஐச் சேர்த்தால் 1938. யூதப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், அந்த யூத ஆண்டின் தொடக்க மாதங்களில், அதாவது டிசம்பர் முடிவதற்குள் இறந்தவருக்கு, ஓர் ஆண்டைக் குறைத்து 1937 என்று கொள்ள வேண்டும். இந்தச் சிறு திருத்தத்தை மறந்துவிட்டு, இறப்புச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று கைவிட்டவர்கள் பலர்.

கல்லறை அமைந்திருக்கும் இடமும் பேசும். நியூயார்க்கின் யூதக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பகுதி நிலத்தை வாங்கி வைத்திருந்தவை, ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் கூடி அமைத்த 'லாண்ட்ஸ்மன்ஷாஃப்ட்' என்ற ஊர்ச் சங்கங்கள். உங்கள் மாமியாரின் தாத்தா எந்தச் சங்கத்தின் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்று தோட்ட அலுவலகத்தில் கேளுங்கள். சங்கத்தின் பெயரிலேயே ஊரின் பெயர் இருக்கக்கூடும். மனைவியின் ஊர்ச் சங்கத்தில் சேர்ந்தவர்களும் உண்டு என்பதால், இதை உறுதியான சான்றாக அல்லாமல் வலுவான தடயமாகவே கொள்ள வேண்டும்.

இனி அவருடைய முதற்பெயர். ஒரே மனிதர் தொழுகைக் கூடத்தில் ஸ்வி என்றும், வீட்டில் யித்திஷ் மொழியில் ஹெர்ஷ் என்றும், அமெரிக்க ஆவணங்களில் ஹாரி என்றும் வழங்கப்பட்டிருப்பார். யெஹூதா என்பவர் லெய்ப் ஆவதும், அவரே நியூயார்க்கில் லூயிஸ் ஆவதும் இப்படித்தான். இந்த இணைகள் பெரும்பாலும் மரபாக நிலைபெற்றவை என்பதால், கல்லறையில் உள்ள எபிரேயப் பெயர் தெரிந்துவிட்டால் கப்பல் பட்டியலில் எந்தப் பெயரைத் தேடுவது என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம். நடு, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்கள் உயிரோடிருக்கும் உறவினரின் பெயரைக் குழந்தைக்கு இடுவதில்லை. மறைந்தவர்களின் பெயரையே இடுவார்கள். ஆகவே 1895-இல் பிறந்த பேரனுக்கு ஹெர்ஷ் என்று பெயரிட்டிருந்தால், அந்தப் பெயருடைய மூத்தவர் ஒருவர் அதற்குள் இறந்துவிட்டார் என்று கருத இடமுண்டு. ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த ஸெஃபர்தி யூதர்களிடம், உயிரோடிருக்கும் தாத்தாவின் பெயரை இடுவதே மரியாதை. அந்த மரபுக் குடும்பங்களில் இந்தக் கணக்குச் செல்லாது.

அடுத்து, ஐரோப்பாவை இப்போதைக்கு மறந்துவிட்டு, அமெரிக்காவில் அவர் விட்டுச் சென்ற காகிதங்கள் அனைத்தையும் திரட்டுங்கள். ஊரின் சரியான பெயர் கிடைக்காமல் ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களை அணுகுவதில் பயனில்லை. நியூயார்க் நகராட்சி ஆவணக் காப்பகம் தன்னிடமுள்ள பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் படங்களை 2022 முதல் இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. திருமணப் பதிவில் மணமக்கள் இருவருடைய பெற்றோர் பெயர்களும், தாயாரின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். அந்தத் தாய்வழிப் பெயரின் அருமையைப் பின்னால் சொல்கிறேன். குடியுரிமை மனு இன்னும் சிறப்பானது. 1906 செப்டம்பரில் கூட்டாட்சி அரசு இந்த நடைமுறையை ஒழுங்குபடுத்திய பிறகு எழுதப்பட்ட மனுக்களில் பிறந்த ஊர், பிறந்த நாள், வந்த கப்பல், வந்து சேர்ந்த நாள், மனைவி மக்களின் விவரங்கள் ஆகிய அனைத்தும் கேட்கப்பட்டன. மனுவில் சாட்சிக் கையெழுத்திட்ட இருவரின் பெயர்களையும் குறித்துவையுங்கள். உறவினரோ ஊர்க்காரரோ சாட்சி சொன்னது சாதாரணமாக நடந்தது.

எல்லிஸ் தீவில் பெயர் மாற்றப்பட்டது என்ற கதை பல்லாயிரம் குடும்பங்களில் சொல்லப்படுகிறது. உங்கள் மாமியார் அதை அன்போடு காத்துவந்திருக்கிறார் என்பதை மதித்தே சொல்கிறேன்: அது அப்படி நடக்கவில்லை. பயணிகளின் பட்டியல் ஹாம்பர்க், பிரேமன், ராட்டர்டாம், ஆன்ட்வெர்ப் போன்ற துறைமுகங்களில் கப்பல் நிறுவனத்தின் எழுத்தர்களால் தயாரிக்கப்பட்டது. எல்லிஸ் தீவு அதிகாரிகள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைச் சரிபார்த்தார்கள். புதிதாகப் பெயர் எழுதுவது அவர்களுடைய வேலை அன்று. குடியேறியவர்கள் வேலைக்காகவும் பள்ளிக்காகவும் தாங்களே பின்னாளில் பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள், சிலர் குடியுரிமை மனுவிலேயே முறைப்படி மாற்றிக்கொண்டார்கள். இதனால் உங்களுக்கு நன்மையே. கப்பல் பட்டியலில் அவர் தம் பழைய பெயரில், பெரும்பாலும் போலிய அல்லது ஜெர்மானிய எழுத்துக்கூட்டலில் இருப்பார். அதைக் கண்டுபிடிக்க, ஒலி ஒற்றுமையைக் கொண்டு தேடும் டைச்-மொகொடோஃப் முறை உதவும். ஸ்லாவிய, யித்திஷ் பெயர்களுக்காகவே 1985-இல் ராண்டி டைச், கேரி மொகொடோஃப் ஆகிய இருவரும் வகுத்த முறை அது. யூத வம்சாவளித் தேடலுக்கான ஜூயிஷ்ஜென் இணையதளத்திலும் ஸ்டீவ் மோர்ஸின் தேடுபக்கங்களிலும் அதைப் பயன்படுத்தலாம். 1907 முதல் பட்டியல் இரண்டு பக்கங்களுக்கு நீள்கிறது. ஊரில் விட்டுவந்த நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும், பயணி பிறந்த ஊரும் அதில் உள்ளன. தேடல் முடிவு முதல் பக்கத்தை மட்டும் காட்டினால், அடுத்த படத்தையும் கட்டாயம் திறந்து பாருங்கள்.

'ஆஸ்திரியா, லெம்பெர்க்' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 1772 முதல் 1918 வரை ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்த கலிசியா மாகாணத்தின் தலைநகர் அது. போலந்துக்காரர்களுக்கு லுவூஃப் ஆகவும் இன்றைய உக்ரைனில் லிவிவ் ஆகவும் இருப்பது அதே நகரம்தான். சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் பிறந்தவர்களும் பிறர் அறிந்த பெரிய நகரின் பெயரையே சொன்னார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1910-இல் ஆஸ்திரியா என்று பிறப்பிடம் சொன்னவரே 1930-இல் போலந்து என்று சொல்லியிருப்பதைக் கண்டால் குழம்ப வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை, எல்லைதான் மாறியது. ஒரே ஊரின் யித்திஷ், போலிய, உக்ரேனிய, ஜெர்மானியப் பெயர்களை ஒன்றாகத் தரும் ஊர்ப்பட்டியல் ஜூயிஷ்ஜென்னில் இருக்கிறது. ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால் மாவட்டத்தையும் சரிபாருங்கள்.

ஊர் உறுதியான பிறகுதான் கலிசியாவின் பதிவேடுகளுக்குப் போக வேண்டும். கிழக்குக் கலிசியாவின் யூதப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் பெருமளவில் வார்சாவிலுள்ள பழைய ஆவணங்களின் மையக் காப்பகத்திலும், மற்றொரு பகுதி லிவிவ் நகரிலுள்ள மைய அரசு வரலாற்றுக் காப்பகத்திலும் இருக்கின்றன. ஜே.ஆர்.ஐ.-போலந்து, கெஷர் கலிசியா ஆகிய இரண்டு அமைப்புகளும் இவற்றுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரித்து இணையத்தில் இட்டுள்ளன. போலந்துச் சட்டப்படி பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டுகளும், திருமண, இறப்புப் பதிவுகள் 80 ஆண்டுகளும் கடந்த பின்பே பொதுப் பார்வைக்குத் திறக்கப்படும். உங்களுக்கு வேண்டிய காலம் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கலிசிய யூதர்களில் பெரும்பாலோர் சமய முறைப்படி மட்டுமே திருமணம் செய்துகொண்டார்கள். அரசாங்கத் திருமணத்துக்குக் கட்டணமும் தடைகளும் விதிக்கப்பட்டிருந்தன. ஒரு காலத்தில் மணமக்கள் ஜெர்மன் மொழியில் தேர்வு எழுதியாக வேண்டிய நிலைகூட இருந்தது. அரசு அந்தத் திருமணங்களை ஏற்காததால், பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்களாகப் பதியப்பட்டுத் தாயாரின் குடும்பப் பெயரைப் பெற்றார்கள். ஆகவே தாத்தாவின் பிறப்புப் பதிவு, நீங்கள் அறிந்த பெயரில் இல்லாமல் அவருடைய தாயாரின் பெயரில் இருக்க வாய்ப்பு அதிகம். நியூயார்க் திருமணப் பதிவிலுள்ள தாய்வழிப் பெயர் தேவைப்படுவது இதற்காகவே. இரண்டு பெயர்களுக்கிடையே 'ரெக்டே' என்று எழுதியிருந்தால் பின்னால் வருவது சட்டப்படியான பெயர், 'ஃபால்ஸே' என்றால் பின்னால் வருவது வழக்கில் மட்டும் இருந்த பெயர், 'வெல்' என்றால் இரண்டும் வழங்கின என்று பொருள். முறைதவறிய பிறப்பு என்ற சொல்லைப் பதிவேட்டில் கண்டால், அது அரசின் எழுத்தர் இட்ட முத்திரை என்பதை மாமியாருக்குத் தயவுசெய்து முதலிலேயே விளக்கிவிடுங்கள். அந்தப் பெற்றோர் ஊரறிய யூதத் திருமண விதானத்தின் கீழ் மணந்துகொண்டவர்கள். நாற்பது, ஐம்பது வயதில் அவர்களே அரசுப் பதிவாளர் முன் மீண்டும் திருமணம் செய்துகொண்ட பதிவுகளும் உண்டு. பிள்ளைகளை முறைப்படுத்துவதற்காக அப்படிச் செய்தார்கள்.

எல்லாம் எரிந்துவிட்டன என்பது சில ஊர்களுக்கு உண்மை, பல ஊர்களுக்கு உண்மை அன்று. பதிவேடே இல்லாத ஊராயிருந்தாலும் 1785-88, 1819-20 ஆகிய ஆண்டுகளின் நில அளவைப் பதிவுகள், பள்ளிப் பதிவேடுகள், வணிகர் கையேடுகள், தப்பிப் பிழைத்தவர்கள் தம் ஊரை நினைவுகூர்ந்து எழுதிய யிஸ்கோர் நூல்கள் ஆகியவை இருக்கக்கூடும்.

ஊரிலேயே தங்கிவிட்ட உடன்பிறந்தாரைத் தேடும்போது மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். கலிசியாவின் யூதர்களில் மிகப் பெரும்பான்மையினர் 1941-க்கும் 1943-க்கும் இடையில் ஊர்ப்புறக் குழிகளின் அருகே சுட்டும், 1942 மார்ச் முதல் பெல்ஸெக் கொலைமுகாமிலும் கொல்லப்பட்டார்கள். ஜெரூசலேமின் யாத் வஷேம் நிறுவனம் 1950-கள் முதல் திரட்டிவரும் சாட்சியப் படிவங்கள், கொல்லப்பட்ட ஒருவரைப் பற்றி அவரை அறிந்தவர் கைப்பட எழுதித் தந்தவை. இறந்தவரின் பெற்றோர் பெயர் அதில் இருக்கும். படிவத்தை எழுதியவரின் பெயரும், இறந்தவருக்கு அவர் என்ன உறவு என்பதும் இருக்கும். உங்கள் மாமியாருக்குத் தெரியாத ஓர் ஒன்றுவிட்ட சகோதரரின் பிள்ளைகளை அந்தப் பெயர் வழியாகக் கண்டடைய முடியும். ஜெர்மனியிலுள்ள அரோல்சன் ஆவணக் காப்பகத்தின் முகாம் ஆவணங்களையும் இணையத்திலேயே தேடலாம்.

மற்றவர்கள் இணையத்தில் ஏற்றியிருக்கும் வம்ச வரைபடங்களை நகலெடுக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஒரு பதிவிலுள்ள ஹெர்ஷும் உங்கள் ஹாரியும் ஒருவரே என்று சொல்வதற்கு ஊர், தகப்பன் பெயர், வயது ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். இரண்டு மட்டும் பொருந்தினால் கேள்விக்குறியோடு குறித்துவைத்துக் காத்திருங்கள்.

மரபணுச் சோதனையைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அஷ்கெனாசி யூதர்கள் பல நூற்றாண்டுகள் தமக்குள்ளேயே மணந்துகொண்ட சிறிய மக்கள்தொகையிலிருந்து பெருகியவர்கள் என்பதால், சோதனை நிறுவனங்கள் பல்லாயிரம் பேரை உங்கள் மாமியாருக்கு இருப்பதைவிட நெருங்கிய உறவினராகக் காட்டும். உண்மையில் அவர்களில் மிகப் பலர் எட்டாத தொலைவு உறவினர். பகிரப்பட்ட மொத்த அளவைவிட, தொடர்ச்சியான மிக நீண்ட துண்டின் அளவையே பாருங்கள். அது 20 சென்டிமார்கனுக்கு (மரபணுத் துண்டின் நீளத்தைக் குறிக்கும் அலகு) குறைவாயிருக்கும் பொருத்தங்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து. சோதனையை உங்கள் கணவருக்கோ பிள்ளைகளுக்கோ செய்வதைவிட மாமியாருக்குச் செய்யுங்கள். அவர் அந்தத் தாத்தாவுக்கு ஒரு தலைமுறை நெருக்கமானவர். அவருடன் ஒரே தகப்பனாருக்குப் பிறந்த சகோதரர் யாரேனும் இருந்தால், அவருடைய சம்மதத்தோடு அவருக்கு ஒய்-குரோமோசோம் சோதனையையும் சேர்த்துச் செய்துவிடுங்கள். தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் ஒய்-குரோமோசோம் மாமியாரிடம் இராது. அந்தச் சகோதரரிடம் இருக்கும்.