பூச்சிக்குளிசை குடித்தும் மகனுக்குத் திரும்பப் பூச்சி: களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு

தங்கச்சி, பள்ளிக்கூடத்தில் பூச்சிக்குளிசை குடித்து ஒரு மாதத்துக்குள்ளேயே மகன் இரவில் பின்பக்கம் சொறிகிறான், வெள்ளை நூல்போல நெளியுது, குளிசை பழுதோ என்று கேட்டிருக்கிறீங்க. குளிசையில் பிழை இருக்காது. அது குடலில் இருக்கிற புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பாயிலும் தலையணை உறையிலும் இரண்டு மூன்று கிழமை உயிரோடு கிடக்கும்.

எங்கட வீட்டிலும் இதே கதைதான். மாமி மட்டும் "எனக்கெங்க பூச்சி?" என்று குளிசையை முந்தானையில் முடிந்து வைத்திட்டா. அவவோட ஒரே பாயில் படுக்கிற சின்னவளுக்கு மூன்றாம் முறையும் வந்தது. அவவில் கோபமில்லை, சுகமாக இருக்கிற ஆளைக் குடிக்கவைக்கிறதுதான் ஊருக்கே மருந்து குடுக்கிற எந்தத் திட்டத்திலும் பெரிய பாடு. இலங்கையில் யானைக்கால் நோய்க்கான மருந்தையும் இப்படித்தான் மேல், தென், வடமேல் மாகாணங்களில் ஊராருக்கு 2002 முதல் 2006 வரை வருடா வருடம் குடுத்தாங்க; அந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இனி இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் உறுதிப்படுத்தியது 2016இல்.

வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் குடியுங்க, இரண்டு கிழமையில் இன்னொருக்கா. கர்ப்பிணியோ இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையோ இருந்தால் முதலில் டொக்டரைக் கேளுங்க. மகனை விடிய எழும்பினதும் குளிக்கவாருங்க, நகத்தை ஒட்ட வெட்டுங்க. படுக்கைவிரிப்பை உதறாமல் அப்படியே சுருட்டி சுடுதண்ணியில் போடுங்க.