ஞாயிறு பாட்டு வார நாட்களிலும் வீடுகளில் ஒலிக்க என்ன செய்யலாம்?

கேள்வி: காரைக்குடிக்கு அருகே ஒரு சபையில் பாடகர் குழுவை நடத்திவருகிறேன். ஆராதனையில் எங்கள் குழு மட்டுமே பாடுகிறது. சபையார் பாட்டுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வாய் திறவாமல் நிற்கிறார்கள். புதிய பாட்டைக் கற்றுக்கொடுத்தால் அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள். வார நாட்களிலும் அவர்களைப் பாட்டோடு சேர்த்துவைக்க வழி உண்டா?

பதில்: உங்கள் சபையாருக்குப் பாடத் தெரியும் என்பதற்கு டிசம்பர் மாதமே சாட்சி. கேரல் ரவுண்டு புறப்படும் இரவில், ஞாயிற்றுக்கிழமை வாய் திறவாத அதே பெரியவர்கள்தான் தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு வீட்டுத் திண்ணை முன்பும் நின்று, தொண்டை கட்டும் வரை பாடுகிறார்கள். அங்கே பாட்டு மனப்பாடமாக இருக்கிறது, பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழுகிறது, அதை அமுக்க மைக் இல்லை. ஆகவே ஞாயிறன்று அவர்களை எப்படி உற்சாகப்படுத்துவது என்று யோசிப்பதைவிட, ஞாயிறு வருவதற்குள் பாட்டு வீட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பதே உங்கள் முதல் வேலை என்பது என் உறுதியான கருத்து.

மாதத்துக்கு ஒரு புதிய பாட்டு போதும். அந்த மாதத்தின் எல்லா ஞாயிறும், ஆராதனையில் அதே இடத்தில், அதே பாட்டு வரட்டும். குழுவினருக்குச் சலிப்புத் தட்டும் வேளையில்தான் சபையாருக்கு மெட்டு பிடிபடத் தொடங்கும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கீர்த்தனைகளையே முதலில் பாருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றவர்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இயற்றிய பாட்டுகளை, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853-இல் திரட்டி அச்சிட்டார். சரணத்துக்குச் சரணம் பல்லவி திரும்பத் திரும்ப வருவதால், எழுத்து வாசிக்கத் தெரியாதவரும் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். முதல் இரண்டு வாரம் சரணங்களைக் குழு பாட, பல்லவியைச் சபைக்கே விட்டுவிடுங்கள்.

அடுத்தது சுருதி, அதாவது பாட்டை எந்த உயரத்தில் எடுத்துப் பாடுவது என்பது. பல சபைகளில் ஜனங்கள் வாயை மூடிக்கொள்வதற்கு இதுவே காரணம் என்றாலும், யாரும் இதைக் கவனிப்பதில்லை. முன்னின்று பாடுபவரின் குரலுக்கு ஏற்ற கட்டையில் கீபோர்டை வைத்துக்கொள்கிறார்கள். கச்சேரிக்கு அது சரி. சபையிலோ ஆண்களும் பெண்களும் ஒரே மெட்டை ஒரு ஸ்தாயி இடைவெளியில் சேர்ந்து பாடுகிறார்கள். அதனால், பெண்களின் ஸ்தாயியை அளவாகக் கொண்டால், பாட்டின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் நடு ‘சி’க்குக் கீழே உள்ள ‘ஏ’வை விட இறங்காமலும், உச்ச ஸ்வரம் மேல் ‘சி’யையோ மிஞ்சிப்போனால் அதற்கடுத்த ‘டி’யையோ தாண்டாமலும் இருக்கும்படி கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தானைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கீர்த்தனைகளில் அனுபல்லவி பெரும்பாலும் மேல் ஸட்ஜத்தை, அதாவது மேல் ஸ்தாயியின் ‘ஸ’வை, நோக்கி ஏறும்; பல்லவியை மட்டும் பாடிப் பார்த்துச் சுருதியை முடிவுசெய்தால், அனுபல்லவியில் பாதிச் சபை நின்றுவிடும்.

சுருதி முடிவானதும், அதே சுருதியில் ஒரு பதிவு செய்து, திங்கட்கிழமை காலையில் சபையின் வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்புங்கள். யூடியூப் இணைப்பு வேண்டாம். அதில் உள்ள இடையிசையும் சங்கதிகளும் கேட்கத்தான் உதவும், கூடப் பாட உதவா. வாத்தியம் எதுவும் இல்லாமல், சபையில் எல்லாரும் அறிந்த ஒரு அக்காவின் சாதாரணக் குரலில், பல்லவி இரண்டு முறை, ஒரு சரணம், மறுபடி பல்லவி, இவ்வளவு இருந்தால் போதும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலைபார்க்கும் உங்கள் சபைப் பிள்ளைகளுக்கும் அது போய்ச் சேரும்.

இங்கே சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52, உண்மையான சமயச் சடங்கின்போது ஒரு பாட்டைப் பாடுவதற்கு விலக்கு அளிக்கிறது. வரிகளை அச்சடிப்பதையும் பதிவு செய்து அனுப்புவதையும் அந்த விலக்கில் அடங்கியதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டை இயற்றியவர் இறந்து அறுபது ஆண்டுகள் கடந்த பழைய கீர்த்தனைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. புதிய பாட்டென்றால் உரியவரிடம் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.

வார நாட்களுக்கென்று புதிதாக ஒரு கூட்டத்தை ஏற்படுத்தாதீர்கள். இருக்கும் கூட்டங்களுக்கே வர ஜனங்களுக்கு நேரம் போதவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கம், வீட்டு ஜெபக் கூட்டம், ஞாயிறு பள்ளி ஆகியவற்றை நடத்துபவர்களிடம் பேசி, எல்லா இடத்திலும் அந்த மாதத்துப் பாட்டையே பாடச் செய்யுங்கள். வீட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைக்க வேண்டாம். குடும்ப ஜெபத்தில் பிள்ளைகளே பாட்டை எடுத்துக்கொடுக்கட்டும். ஞாயிறு பள்ளியில் கற்ற பல்லவியைத் தாத்தா பாட்டிக்குச் சொல்லிக்கொடுப்பதில் அவர்களுக்கு உள்ள ஆசையைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். வேலை நேரத்தையும் மறந்துவிடாதீர்கள். ஆத்தங்குடித் தரை ஓடுகள் செய்யும் பட்டறையில், கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டை ஊற்றுகிறவருக்குக் கையும் கண்ணும்தான் வேலையில் இருக்கின்றன, வாய் பாடலாம். ஒருவருக்கொருவர் ஞானப்பாட்டுகளால் போதியுங்கள் என்று கொலோசெயர் 3:16 சொல்லும்போது, அதை ஞாயிற்றுக்கிழமையோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவில்லை.

ஞாயிறன்று ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள். கடைசிப் பல்லவியின்போது கீபோர்டை நிறுத்தி, குழுவின் மைக்குகளையும் அணைத்துவிடுங்கள். முதல் வாரம் சத்தம் மெலிந்துபோகும். பதறி மைக்கைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள். மாதக் கடைசியிலும் அந்த இடத்தில் சத்தம் எழவில்லையென்றால், அடுத்த பாட்டுக்குத் தாவாமல், சுருதியை அரைக் கட்டை இறக்கி, அதே பாட்டை இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள்.

இதைத் தொடங்குவதற்கு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலம் மிகவும் ஏற்றது. மாலை வேளைகளில் வீடுகளில் கூடும் வழக்கம் அப்போது ஏற்கெனவே இருக்கிறது. ஆயரோடு கலந்துபேசிப் பாட்டை முன்கூட்டியே முடிவுசெய்து, லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமையே முதல் பதிவை அனுப்பிவிடுங்கள்.